விலையேற்றமும் பொய்ச்சாட்சி சொல்லும்



பிழைப்புக்காகப் பட்டணத்திற்கு வந்த நம்முடைய குடும்பங்கள், தேவன் கொடுத்த பணத்தை எவ்விதமாய்க் கையாளவேண்டும் என்பதைக்குறித்து இந்தப் பகுதியில் தொடர்ந்து தியானித்து வருகிறோம். கடன், சீட்டு, பிணைக் கையெழுத்து ஆகியவற்றைப்பற்றி முன்பு எழுதியபோது மற்றவர்களுடைய தவறுகளை எடுத்துக் காட்டினேன். இம்மாதம் என்னுடைய தவறு ஒன்றை முதலாவது அறிக்கையிட வேண்டியவனாயிருக்கிறேன்.

மும்பையிலுள்ள எங்கள் சபையில், ஒரு ஞாயிறு ஆராதனையின் சாட்சி நேரத்தில் ஒரு சகோதரர் எழுந்து நின்றார். தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறவர், தசமபாகத்தில் தவறாதவர், நல்ல விசுவாசி. கைப்பேசியில் வந்த ஒரு செய்தியின்படி, பெயர் கேள்விப்படாத ஒரு கம்பெனியின் பங்கை 11 ரூபாய் விலையில் 40,000 ரூபாய்க்கு வாங்கினதாகவும், ஐந்தே வாரங்களில் அது 1,20,000 ரூபாயாகப் பெருகினதாகவும், கர்த்தர் தன்னை மும்மடங்கு ஆசீர்வதித்தார் என்றும் சொன்னார். சபையார் கைதட்டி தேவனை மகிமைப்படுத்தினார்கள். நானும் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கி, "இந்த ஆசீர்வாதம் ஒவ்வொரு வீட்டிலும் வரட்டும்" என்று ஜெபித்தேன். அந்தக் கம்பெனி என்ன தொழில் செய்கிறது என்று அவரிடத்தில் நான் கேட்கவில்லை.

மூன்று மாதங்களுக்குப்பின், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்து எல்லாரும் போனபிறகு, ஒரு சகோதரி தன் பையிலிருந்து நகைக்கடன் சீட்டை எடுத்து என் முன்னே வைத்தார்கள். மகளுடைய திருமணத்திற்கென்று சேர்த்த நகையை அடகு வைத்து, 1,80,000 ரூபாய்க்கு அதே பங்கை 38 ரூபாய் விலையில் வாங்கியிருந்தார்கள். அன்றைக்கு அதன் விலை 6 ரூபாய். அந்த விலைக்கும் வாங்குவார் இல்லை. "பாஸ்டர், வேறே யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் போட்டிருக்கமாட்டோம். நீங்கள் ஜெபித்தீர்களே, அதனால்தான் போட்டோம்" என்றார்கள். அவர்கள் சத்தத்தை உயர்த்தவில்லை. என்மேல் குற்றம் சாட்டவும் இல்லை. அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

பிறகு விசாரித்தபோது, எங்கள் சபையில் மாத்திரம் ஏழு குடும்பங்கள் அந்தப் பங்கை வாங்கியிருந்தது தெரியவந்தது. எந்த மோசக்காரனும் எங்கள் சபைக்குள் வரவில்லை. அவனுடைய பொய்யை நாங்களே சாட்சியாக்கி, ஜெபமாக்கி, ஒருவருக்கொருவர் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அன்றுமுதல் இந்தக் காரியத்தைக் கற்றுக்கொள்ள முயன்றேன். கற்றதை உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறேன்.

கிபியோனியர் காட்டிய அப்பம்

யோசுவா 9ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கிபியோனின் குடிகள் சமீபத்தில் வாழ்ந்தவர்கள். ஆனாலும் கிழிந்து தைத்த துருத்திகளையும், தேய்ந்த பாதரட்சைகளையும், காய்ந்து பூசணம் பிடித்த அப்பத்தையும் எடுத்துக்கொண்டு, வெகு தூரத்திலிருந்து வருகிறவர்களைப்போல இஸ்ரவேலின் பாளயத்திற்கு வந்தார்கள். இஸ்ரவேலர் ஆராயாமல் இருந்துவிடவில்லை. அப்பத்தைப் பார்த்தார்கள், அது மெய்யாகவே பழைய அப்பம். ஆனால் அந்தச் சான்றைத் தயாரித்துக் கொண்டுவந்தவர்கள் யார்? நம்பவைக்க வந்தவர்களே. கர்த்தரிடத்தில் கேட்காமலும், வேறு வழியில் விசாரிக்காமலும் உடன்படிக்கை செய்தார்கள். மூன்று நாள் சென்றபின்பு உண்மை வெளிப்பட்டது.

பங்குச் சந்தையில் ஏறிக்கொண்டே போகும் விலைதான் அந்தப் பூசணம் பிடித்த அப்பம். "நான் யாருடைய பேச்சையும் நம்பவில்லை ஐயா, விலையை என் கண்ணால் பார்த்தேன்" என்று அந்தச் சகோதரர் பிற்பாடு என்னிடம் சொன்னார். அவர் பார்த்தது உண்மைதான். ஆனால் அவர் பார்க்கவேண்டும் என்பதற்காகவே அந்த விலை தயாரிக்கப்பட்டது.

சூழ்ச்சி நடக்கும் விதம்

ஒரு பங்கின் விலை என்பது, வாங்குகிறவனும் விற்கிறவனும் கடைசியாக ஒத்துக்கொண்ட தொகையே. வாங்குகிறவனும் விற்கிறவனும் ஒரே கும்பலைச் சேர்ந்தவர்களானால், அவர்கள் எந்தத் தொகையை வேண்டுமானாலும் ஒத்துக்கொள்ளலாம் அல்லவா? இந்தச் சூழ்ச்சிக்காரர்களை மும்பை சந்தையில் "ஆபரேட்டர்" என்று அழைப்பார்கள்.

அவர்கள் பெரிய கம்பெனிகளைத் தொடுவதில்லை. கோடிக்கணக்கான பங்குகள் நாள்தோறும் கைமாறும் கம்பெனியில் விலையை இழுத்துப் பிடிப்பது எளிதல்ல. பெயரளவில் மட்டும் தொழில் நடக்கிற, சில ரூபாய்க்கு விற்கிற, "பென்னி ஸ்டாக்" எனப்படும் சிறிய கம்பெனியைத் தெரிந்தெடுக்கிறார்கள். அதன் பங்குகளை மலிவு விலையில் சத்தமில்லாமல் சேர்த்துக்கொள்ளுகிறார்கள். பின்பு பலருடைய பெயர்களிலுள்ள கணக்குகளின்மூலம் தங்களுக்குள்ளே வாங்கி விற்கிறார்கள்: இன்று 10 ரூபாய், நாளை பத்தரை ரூபாய், மறுநாள் 11 ரூபாய். பணம் ஒரு பையிலிருந்து மறு பைக்குப் போகிறது; வெளியே இருந்து பார்க்கிறவனுக்கோ விலை ஏறுகிறது.

ஒரே நாளில் விலை எல்லைமீறிப் போகாதபடி, பல பங்குகளுக்கு 2, 5, 10, 20 சதவீதம் என்று தினசரி வரம்புகள் வைக்கப்பட்டிருக்கின்றன. ஏற்றத்தின் வரம்பை "அப்பர் சர்க்யூட்" என்றும், இறக்கத்தின் வரம்பை "லோயர் சர்க்யூட்" என்றும் சொல்லுகிறார்கள். பாதுகாப்புக்காக வைத்த இந்த வேலியையே ஆபரேட்டர் தனக்கு ஏணியாக்கிக்கொள்ளுகிறான். நாள்தோறும் 5 சதவீதம் ஏறினால் 15 வர்த்தக நாட்களில் விலை இரட்டிப்பாகும். 23 நாட்களில் மும்மடங்காகும். அப்பர் சர்க்யூட்டில் பங்கு கிடைக்காது, விற்பார் இல்லை. கிடைக்காத பொருளின்மேல் மனுஷனுக்கு ஆசை பெருகும் என்பதைச் சூழ்ச்சிக்காரன் நன்றாய் அறிந்திருக்கிறான்.

இந்தச் சமயத்தில்தான் செய்திகள் பரவுகின்றன. முற்காலத்தில் தரகர் கடையில் காதோடு காதாகச் சொன்னார்கள். பிறகு குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இப்பொழுது வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களிலும் யூடியூப் காணொளிகளிலும் சொல்லுகிறார்கள். "பெரிய நிறுவனம் வாங்கப்போகிறது", "வெளிநாட்டு ஒப்பந்தம் வருகிறது", "விலை 100 ரூபாய்க்குப் போகும்" என்பார்கள். ஜனங்கள் திரளாய் வாங்கவரும் நாளில் ஆபரேட்டர் தன் கையிலிருப்பதை எல்லாம் அவர்களுக்கு விற்றுவிடுகிறான். அதற்குப்பின் விலையைத் தாங்கிப்பிடிக்க ஒருவரும் இல்லை. லோயர் சர்க்யூட் தொடங்குகிறது. அப்பொழுது விற்பார் ஆயிரம்பேர், வாங்குவார் ஒருவரும் இல்லை. நம்முடைய சகோதரிக்கு நேரிட்டது இதுவே. விலை விழுவதை ஒவ்வொரு காலையிலும் பார்த்தார்கள், விற்கும்படி ஒவ்வொரு காலையிலும் கேட்டார்கள், விற்க முடியவில்லை.

நம் தேசத்தில் நடந்தவை

இது புதிய பாவம் அல்ல. 1992ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஹர்ஷத் மேத்தாவின் மோசடி வெளிப்பட்டது. வங்கிகளின் பணம் முறைகேடாய்ப் பங்குச் சந்தைக்குத் திருப்பிவிடப்பட்டது. ஏ.சி.சி. சிமெண்ட் கம்பெனியின் பங்கு ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 9,000 ரூபாய் அளவுக்கு ஏற்றப்பட்டது. ஏ.சி.சி. மெய்யாகவே சிமெண்ட் செய்து விற்ற பழைமையான கம்பெனி. கம்பெனி மெய்யானது, விலையோ பொய்யானது என்பதை இங்கே கவனிக்கவேண்டும். அந்த 1992ஆம் ஆண்டில்தான், 1988இல் ஏற்படுத்தப்பட்ட செபி என்னும் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியத்திற்குச் சட்டபூர்வமான அதிகாரம் கிடைத்தது.

2001ஆம் ஆண்டில் கேத்தன் பாரேக் என்னும் தரகர், தெரிந்தெடுத்த சில பங்குகளை ஏற்றிவிட்ட காரியம் வெளியானது. அதோடு குஜராத்தைச் சேர்ந்த மாதவபுரா மெர்கன்டைல் கூட்டுறவு வங்கியும் நிலைகுலைந்தது. பங்குச் சந்தையின் பக்கமே போகாமல், சேமிப்பை அந்த வங்கியில் வைத்திருந்தவர்களும் தங்கள் பணத்திற்காகத் தவித்தார்கள். 2012இல் அவ்வங்கியின் உரிமம் ரத்தாயிற்று. ஒருவன் குறுக்குவழியில் ஓடும்போது, அவனை அறியாதவர்களும் மிதிபடுகிறார்கள்.

நம்முடைய நாட்களுக்கு வருவோம். 2022 ஜூலை மாதத்தில் சாத்னா பிராட்காஸ்ட் என்னும் சிறிய கம்பெனியைக்குறித்துச் சில யூடியூப் காணொளிகள் வெளியாயின. அதானி குழுமம் இதை வாங்கப்போகிறது என்றும், நான்கு பக்திப் படங்கள் தயாரிக்க ஓர் அமெரிக்க நிறுவனம் 1,100 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்திருக்கிறது என்றும் அவைகளில் சொல்லப்பட்டது. அவை பொய்ச்செய்திகள். 2023 மார்ச் மாதத்தில் செபி பிறப்பித்த இடைக்கால ஆணையின்படி, அந்தக் கம்பெனியில் சிறு பங்குதாரர்களின் எண்ணிக்கை 2,167இலிருந்து 55,343ஆகப் பெருகியிருந்தது. 2025 மே மாதத்தின் இறுதி ஆணையில், முறைகேடாய்ப் பெற்ற சுமார் 58 கோடி ரூபாயை வட்டியோடு திரும்பச் செலுத்தும்படி சம்பந்தப்பட்டவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது. காணொளி வந்தது 2022இல், இறுதி ஆணை வந்தது 2025இல். சட்டம் வருகிறது, ஆனால் நம்முடைய பணம் போன வேகத்தில் அது வருவதில்லை.

2020 மார்ச் முடிவில் நம் தேசத்தில் ஏறக்குறைய 4 கோடி டீமேட் கணக்குகளே இருந்தன. 2024 மார்ச் மாதத்தில் அவை 15 கோடியைத் தாண்டின. கைப்பேசியிலேயே கணக்குத் தொடங்கிவிடலாம் என்பதால், நம் சபைகளிலுள்ள வாலிபர் அநேகரும் இதற்குள் வந்திருக்கிறார்கள். ஆகையால் போதகர்கள் இதை உலகக் காரியம் என்று தள்ளிவிட முடியாது.

ஏழு எச்சரிப்பின் அடையாளங்கள்

முதலாவது, நீங்கள் கேளாமலே ஒரு பங்கின் பெயர் உங்களைத் தேடி வருவது. மெய்யாகவே விலை ஏறும் பங்கை ஒருவன் அறிந்திருந்தால், முகமறியாத ஆயிரம்பேருக்கு அதை இலவசமாய் அறிவிக்கவேண்டிய அவசியம் என்ன?

இரண்டாவது, அவசரப்படுத்துவது. "இன்றைக்கே வாங்குங்கள், நாளை கிடைக்காது" என்பதும், இன்ன தேதிக்குள் இன்ன விலை என்று வாக்குக்கொடுப்பதும் நேர்மையானவர்களுடைய பேச்சு அல்ல.

மூன்றாவது, விலைக்கும் தொழிலுக்கும் சம்பந்தம் இல்லாதிருப்பது. விற்பனை அப்படியே இருக்க, அல்லது குறைந்துபோயிருக்க, விலை மட்டும் இரண்டு மாதத்தில் நான்கு மடங்காவது ஏன்?

நான்காவது, நாள்தோறும் அப்பர் சர்க்யூட். கம்பெனி எந்தச் செய்தியும் அறிவிக்காமல் இது நடந்தால் மிகவும் எச்சரிக்கையாயிருங்கள். இப்படிப்பட்ட நேரங்களில் பங்குச் சந்தையே அந்தக் கம்பெனியிடம் விளக்கம் கேட்பதுண்டு. அந்தக் கேள்வியும் பதிலும் சந்தையின் இணையதளத்தில் எல்லாரும் வாசிக்கும்படி வெளியிடப்படும்.

ஐந்தாவது, கம்பெனியின் முதலாளிகளே தங்கள் பங்குகளைக் குறைத்துக்கொண்டு வருவது. உங்களை வாங்கச்சொல்லிச் செய்தி வருகிற அதே நாட்களில், உள்ளே இருப்பவர்கள் விற்றுவிட்டு வெளியே போகிறார்கள் என்று பொருள்.

ஆறாவது, நாகரிகத்திற்கு ஏற்றபடி பெயரை மாற்றிக்கொள்வது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய நாட்களில் மென்பொருளோடு சம்பந்தமில்லாத கம்பெனிகளும் மென்பொருள் பெயர்களைச் சூட்டிக்கொண்டன. காலத்துக்குக் காலம் பெயர் மாறும்; தந்திரம் மாறாது.

ஏழாவது, குழுவில் எல்லாரும் லாபத்தை மட்டுமே காட்டுவது. அங்கே லாபப் படங்களை அனுப்புகிறவர்கள் மெய்யான மனுஷர்கள்தானா என்பதே தெரியாது. சந்தேகம் எழுப்புகிறவனை உடனே வெளியேற்றுகிற குழுவில் நீங்கள் ஒரு நிமிஷமும் இருக்கவேண்டாம்.

விசாரித்து அறியுங்கள்

கேட்ட வார்த்தையை எல்லாம் நம்புகிறவனைப் பேதை என்றும், தன் நடையைக் கவனிக்கிறவனை விவேகி என்றும் நீதிமொழிகள் 14:15 நமக்குக் காண்பிக்கிறது. ஆகவே கிபியோனியர் காட்டிய அப்பத்தை விட்டுவிட்டு, அவர்கள் காட்டாத இடத்தில் போய்ப் பாருங்கள்.

மும்பை பங்குச் சந்தை, தேசிய பங்குச் சந்தை ஆகிய இரண்டின் இணையதளங்களிலும், ஒவ்வொரு கம்பெனியின் காலாண்டுக் கணக்கும், பங்குகள் யார் கையில் எவ்வளவு இருக்கிறது என்ற விவரமும், கம்பெனியின் அறிவிப்புகளும் இலவசமாய்க் கிடைக்கின்றன. ஒரு கம்பெனியின் மொத்தப் பங்குகளில் அரை சதவீதத்திற்குமேல் ஒருவர் ஒரே நாளில் வாங்கினாலோ விற்றாலோ அதுவும் அங்கே வெளியிடப்படும். சந்தேகத்திற்கிடமான பங்குகளைச் சந்தைகள் ஏ.எஸ்.எம்., ஜி.எஸ்.எம்., இ.எஸ்.எம். என்னும் கண்காணிப்புப் பட்டியல்களில் வைக்கின்றன. நீங்கள் வாங்க நினைக்கும் பங்கு அவற்றில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலில் இருப்பதனாலேயே அது மோசடி என்று தீர்த்துவிடக்கூடாது. பட்டியலில் இல்லாததனாலேயே அது உத்தமம் என்றும் எண்ணக்கூடாது.

ஆலோசனை சொல்லுகிறவர் செபியில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். முதலீட்டு ஆலோசகரின் பதிவு எண் ஐ.என்.ஏ. என்றும், ஆய்வாளரின் பதிவு எண் ஐ.என்.எச். என்றும் தொடங்கும். அந்த எண்ணைச் செபியின் இணையதளத்தில் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். பதிவு செய்த ஒருவரும் நிச்சயமான லாபத்தை வாக்குப்பண்ணக்கூடாது என்பது விதி. வாக்குப்பண்ணினால், அதுவே அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வாலிபருக்கு விசேஷமாய் ஒன்று சொல்லவேண்டும். "உன் பான் கார்டையும் டீமேட் கணக்கையும் எங்களுக்குக் கொடு, மாதாமாதம் பணம் தருகிறோம்" என்று சிலர் கேட்கக்கூடும். முன்னே சொன்ன பல பெயர்களிலுள்ள கணக்குகள் அவர்களுக்கு இப்படித்தான் கிடைக்கின்றன. கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் விசாரணைக் கடிதமும் உங்கள் பெயருக்கே வரும். வாடகை வீட்டில் குடியிருக்கிற பிள்ளை, தான் காணாத கோடிகளுக்குக் கணக்குச் சொல்ல நேரிடும். எந்தக் காரணத்திற்காகவும் கொடுக்கவேண்டாம்.

தாராவியிலே குடியிருக்கிற நம்முடைய ஜனங்கள், மித்தி ஆற்றின் அக்கரையில் பாந்த்ரா குர்லா வளாகத்தின் உயரமான கட்டடங்களைப் பார்த்திருப்பார்கள். செபியின் தலைமை அலுவலகமும், தேசிய பங்குச் சந்தையும் அங்கேதான் இருக்கின்றன. இத்தனை அருகில் காவல்காரர் இருந்தும் மோசம் நடக்கிறதே என்று அங்கலாய்க்கலாம். காவல்காரன் தெருவில் இருக்கலாம். வீட்டுக் கதவைத் தாழிடவேண்டியவர் வீட்டுக்காரரே.

லாபம் கிடைத்தால் ஆசீர்வாதமா?

பிரியமானவர்களே, இதுவரை சொன்னவைகளை உலகத்திலுள்ள ஒரு நல்ல ஆலோசகரும் சொல்லக்கூடும். விசுவாசிகளாகிய நாம் இன்னும் ஒரு கேள்வியைக் கேட்கவேண்டும்.

"இது ஆபரேட்டர் பங்குதான் என்று எனக்குத் தெரியும். அவன் ஏற்றும்போது ஏறி, இறக்குவதற்குமுன் இறங்கிக்கொள்வேன்" என்று ஒரு வாலிபன் என்னிடத்தில் சொன்னான். அவன் தந்திரசாலியாக இருக்கலாம். ஒருமுறை தப்பவும் தப்பலாம். ஆனால் அவனுக்கு வரும் லாபம் எங்கிருந்து வருகிறது? நேர்மையாய் நடக்கிற ஒரு கம்பெனியில் பங்கு வாங்கினால், அந்தத் தொழில் வளரும்போது நாமும் வளருகிறோம், அதில் பாவமில்லை. தாலந்துகளின் உவமையில் எஜமான் பணத்தைப் புதைத்து வைத்தவனைத்தான் கடிந்துகொண்டான். வெறுமையான கம்பெனியிலோ எதுவும் உற்பத்தியாவதில்லை. அங்கே ஒருவனுக்கு வரும் ஒவ்வொரு ரூபாயும், அவனுக்குப்பின் அதிக விலையில் வாங்கிய இன்னொருவனுடைய ரூபாயே. முந்தி வந்தவன் பிந்தி வந்தவனிடமிருந்து எடுத்துக்கொள்ளுகிறான். நீதிமொழிகள் 11:1 கர்த்தர் வெறுப்பதாகச் சொல்லுகிற கள்ளத் தராசு இதுதான். கைப்பேசியின் கண்ணாடிக்குள் இருப்பதனால் அது நல்ல தராசாகிவிடாது.

சாட்சி சொன்ன அந்தச் சகோதரர் மறுவாரம் என் வீட்டுக்கு வந்தார். அவர் 36 ரூபாய் விலையில் எல்லாவற்றையும் விற்று, ஏறக்குறைய 90,000 ரூபாய் லாபம் பெற்றிருந்தார். "ஐயா, நான் விற்ற அதே வாரத்தில்தான் அந்த அக்கா வாங்கியிருக்கிறார்கள்" என்றார். சந்தையில் யாருடைய பங்கு யாரிடம் போய்ச் சேர்ந்தது என்று வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் தெரியாது; ஒருவேளை அவருடைய பங்கு வேறே ஊரிலுள்ள யாரிடமாவது போயிருக்கலாம் என்று நான் சொன்னேன். அவர் சற்றுநேரம் மௌனமாயிருந்து, "அப்படியானால் அந்த ஊரிலேயும் ஓர் அக்கா இருப்பார்களே" என்றார். வேதாகமக் கல்லூரியில் நான் கற்ற எந்தப் பாடத்திலும் அதற்கு மறுமொழி எனக்குக் கிடைக்கவில்லை.

சகேயுவின் வீட்டுக்கு இரட்சிப்பு வந்தபோது அவனுடைய பணப்பையும் திறந்தது. இந்தச் சகோதரர் தன் லாபத்தை அந்தக் குடும்பத்தின் நகைக்கடனுக்காகக் கொடுத்துவிட்டார். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. ஆனாலும் கடனில் பாதிதான் அடைந்தது. மீதிக்கு வட்டி ஓடுகிறது. நகை இன்னும் முழுவதும் மீளவில்லை. மற்ற ஆறு குடும்பங்களுக்கு இந்த அளவும் திரும்பவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் இன்னொரு பொய்ச்சாட்சி சொல்ல நான் விரும்பவில்லை.

அகப்பட்டவர்களுக்கு

ஏற்கெனவே இப்படிப்பட்ட பங்கை வாங்கி வைத்திருக்கிறீர்களா? விலை குறைந்திருக்கிறது என்று மேலும் வாங்கிச் "சராசரி" பண்ணாதேயுங்கள். பொய்யான விலையில் பாதியும் பொய்யாகவே இருக்கலாம். 38 ரூபாயிலிருந்து 19 ரூபாய்க்கு இறங்க 50 சதவீத வீழ்ச்சி போதும்; மறுபடியும் 38 ஆவதற்கு 100 சதவீதம் ஏறவேண்டும். அதைவிட முக்கியமாக, உங்கள் நஷ்டத்தை இன்னொரு விசுவாசியின் தலையில் கட்ட அந்தப் பங்கைப் புகழ்ந்து பேசாதேயுங்கள்.

வந்த செய்திகளையும் குழுவின் பெயரையும் அழிக்காமல் பாதுகாத்து வையுங்கள். செபியின் ஸ்கோர்ஸ் என்னும் இணையதளத்தில் புகார் செய்யலாம். 1800 266 7575 என்ற கட்டணமில்லாத எண்ணில் கேட்கலாம். போலியான செயலியிலோ, தனிமனிதனுடைய வங்கிக் கணக்கிலோ பணம் செலுத்தியிருந்தால், தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். அங்கே ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். "இழந்த பணத்தை மீட்டுத்தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால், அது இரண்டாவது கண்ணி என்று அறிந்துகொள்ளுங்கள்.

புருஷர்களே, மனைவியிடம் மறைக்காதேயுங்கள். சகோதரிகளே, அவர் சொல்லும் நாளில் வார்த்தையால் குத்தாதேயுங்கள். வெட்கத்தினால் மூடிவைத்த நஷ்டம் குடும்பத்தைக் கடனுக்கும், சிலவேளை அதைவிடப் பெரிய ஆபத்துக்கும் கொண்டுபோகும். பணம் போனால் போனதுதான். உங்கள் ஜீவன் தேவனுடைய பார்வையில் விலையேறப்பெற்றது.

சபைகள் செய்யவேண்டியது

அந்தச் சகோதரி வந்துபோன அடுத்த ஞாயிற்றுக்கிழமையில், நான் ஜெபித்த அதே இடத்தில் நின்று சபையாரிடத்தில் மன்னிப்புக் கேட்டேன். அதன்பின் மூப்பர்களோடு கூடி மூன்று தீர்மானங்கள் செய்தோம். சபையின் வாட்ஸ்அப் குழுவில் பங்கு, முதலீடு சம்பந்தமான எந்தச் செய்தியும் போடக்கூடாது. பணலாபத்தைக்குறித்த சாட்சி எதுவும், அது வந்த வழியை விசாரிக்காமல் மேடைக்கு வரக்கூடாது. சந்தையை அறிந்த இரண்டு விசுவாசிகள், பணம் போடுமுன் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஞாயிறு மாலையில் உதவிசெய்யவேண்டும். எந்தப் பங்கையும் வாங்கும்படி அவர்கள் சொல்லக்கூடாது. இவை சிறிய வேலிகள்தான். மற்றச் சபைகளின் போதகர்களும் இவைகளை யோசிக்கும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்ளுகிறேன்.

கைப்பாடுபட்டுச் சிறிதுசிறிதாய்ச் சேர்க்கிறவனுடைய பொருள் பெருகும் என்று நீதிமொழிகள் 13:11 போதிக்கிறது. ஊரிலிருந்து ஒரு பெட்டியோடு ரயில் ஏறி வந்து, ஒரே அறையில் பத்துப்பேராய்க் குடியிருந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்த நம்முடைய பெற்றோர் அப்படித்தான் சேர்த்தார்கள். அவர்களுடைய ஆசீர்வாதம் ஐந்து வாரத்தில் வந்தது அல்ல. மிஞ்சின பணத்தைச் சந்தையில் போடுகிறவர்கள் போடட்டும். ஆனால் அது கடன் வாங்கிய பணமாயிராமல், மகளுடைய நகையாயிராமல், பிரசங்கி 11:2 கற்றுக்கொடுக்கிறபடி பல இடங்களில் பங்கிட்ட பணமாயிருக்கட்டும்.

நாம் ஜெபிப்போம். பரிசுத்த பிதாவே, எங்கள் கண்களில் இருக்கும் அவசரத்தை எடுத்துப்போடும். பிறனுடைய கண்ணீரிலிருந்து வரும் லாபத்தை ஆசீர்வாதம் என்று அழைக்காதபடி எங்கள் நாவைக் காத்துக்கொள்ளும். இழந்துபோன குடும்பங்களைத் தேற்றி, அவர்களுடைய கையின் பிரயாசத்தை வாய்க்கப்பண்ணும். உம்முடைய மந்தையை மேய்க்கிற எங்களுக்கு விசாரிக்கிற இருதயத்தைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.